சிறு துவக்கும் அதன் தோட்டாவும்: ஒரு வரலாற்று நோக்கு

மட்டக்களப்பு நாட்டிலே 'துப்பாக்கி' என்னுஞ் சொல் ஏட்டிலும் செய்தித்தாளிலும் வழங்குவதன்றி மக்களின் வாய்ப்பேச்சில் வழங்குதல் அரிது. நம்மவர் 'துவக்கு' என்றே கூறுவர். சிங்கள மக்கள் 'துவக்குவ' என்பர். துருக்கி மொழியிலும் பாரசீகத்திலும் வழங்கிய ஒரே சொல்லின் வழிவந்தனவே துப்பாக்கி, துவக்கு என்னும் இரண்டும். தொடங்குதல் என்னும் பொருளுடைய நம் பழஞ் சொல்லுக்கும் இதற்கும் யாதொரு தொடர்புமில்லை. ஓசை ஒப்புமையால் மயங்கிப் புதுப்புதுச் சொற்பிறப்புக் கூறுவார்க்காக இதனை முதற்கண் சொல்லி வைத்தேன்.

1983ஆம் ஆண்டு தொடங்கி 2009ஆம் ஆண்டு வரை நிகழ்ந்த போரின் காரணமாக, இச்சொல்லைக் கேட்ட மாத்திரத்தே நெஞ்சம் நடுங்குவோர் நம்மிடையே பலர் உளர். கல்லூரி மலரொன்றிலே இப்பொருள் பற்றி எழுதுதல் பொருந்துமோ என்று அவர்கள் ஐயுறின் அதிற் குறையில்லை. எனினும், ஈண்டு நாம் ஆராயப் புகுவது போர்க்கருவியை அன்று. ஒலிம்பிக் அரங்கிலும் மாணவர் படையின் பயிற்சிக் களத்திலும் வழங்குகின்ற, குழலின் உள்விட்டம் ஓர் அங்குலத்தின் நூறில் இருபத்திரண்டு பங்கே உடைய, '22' எனப்படும் சிறு றைபிளையும், அதனினும் சிறப்பாக அதற்குரிய தோட்டாவையுமே ஆராயப் புகுகின்றோம். நெடுந்தூரத்து இலக்கினைப் பிழையாது எய்தற்கு எத்தோட்டாவைத் தெரிதல் வேண்டும்? வேகம் மிக்கதையே தெரிதல் வேண்டும் என்று வினவியவுடன் பலரும் விடை பகர்வர். விஞ்ஞானம் பயிலும் மாணவரும் இவ்வாறே பகர்வர். உண்மை இதற்கு நேர்மாறானது. அவ்வுண்மைக்கு அடிகோலிய அறிஞரோ, அத்தோட்டா தோன்றுதற்கு நூறாண்டுக்கு மேல் முன்னரே, நமக்கு அணித்தாகிய தமிழ்நாட்டுக் கடற்கரையில் உயிர் நீத்தவர்.

வெடிமருந்தின் வரலாறு நம் வாவிக்கரைக்குப் புதியதன்று. 1602ஆம் ஆண்டில் ஒல்லாந்தக் கப்பற்றலைவன் ஸ்பில்பேர்கன் மட்டக்களப்பிலே கரையிறங்கினான். 1628ஆம் ஆண்டிற் போர்த்துக்கேயர் புளியந்தீவில் கோட்டை கட்டினர். 1638ஆம் ஆண்டு மே மாதம் வெஸ்டர்வோல்ட் என்பானின் தலைமையில் வந்த ஒல்லாந்தர், கண்டியரசன் இரண்டாம் இராசசிங்கனின் துணையுடன் அதனைக் கைப்பற்றினர். இவற்றையெல்லாம் வரலாற்று நூல்களிற் காணலாம். அந்நூல்கள் பீரங்கிகளைப் பற்றிப் பேசுமளவு அப்பீரங்கிகளுக்கு இட்ட குண்டைப் பற்றியும் மருந்தைப் பற்றியும் பேசுவதில்லை. குறி தப்புவதும் தப்பாமையும் பெரும்பாலும் அவற்றையே பொறுத்தன.

அக்காலத்துத் துவக்கில் மருந்தும் குண்டும் வெவ்வேறாக இருந்தன. எய்பவனே மருந்தை அளந்து குழல்வாய் வழியே சொரிந்து, அடைப்பை இடித்து, ஈயத்தை உருக்கி வார்த்த குண்டை அதன்மேல் இறக்குவான். இடித்து இறுக்குதலினாலன்றோ நம் நாட்டுப்புறத்தில் அவ்வகைத் துவக்குக்கு 'இடியன்' என்னும் பெயர் வழங்கலாயிற்று! கண்டி நாட்டுக் கொல்லர் இத்தகைய துவக்குகளைச் செய்வதிற் பெயர் பெற்றிருந்தனர். அடிக்கட்டை இரு பிளவாகச் சுருண்டு, வெள்ளியும் தந்தமும் இழைத்த அவர்தம் கைத்திறனைப் போர்த்துக்கேய ஆசிரியரும் வியந்திருக்கின்றனர். ஆயினும் கருவி எத்துணை அழகியதாயினும், மருந்து ஒருமுறை ஒரு சிட்டிகை கூடினால் குண்டு மேலே செல்லும். குறைந்தால் கீழே விழும். ஒவ்வொரு வெடிக்கும் ஒரே அளவு இடுதல் எய்பவன் கையிலேயே இருந்தது. தெரிவு, அளவு, பிழை மூன்றும் அவனுக்கே உரியனவாயின.

1848 முதல் 1855 வரை நுவரெலியாவிற் குடியிருந்த ஆங்கில வேட்டைக்காரர் சாமுவேல் பேக்கர் இம்முறையின் உச்சியில் நின்றவர். அவருக்கென 1840ஆம் ஆண்டில் பிறிஸ்டல் நகரத்துக் கொல்லர் கிப்ஸ் செய்து கொடுத்த றைபிளின் எடை 21 இறாத்தல். அதன் உருண்டைக் குண்டு 3 அவுன்சு. இன்றைய சிறு றைபிளின் சன்னம் 40 கிரெயின், அதாவது ஏறத்தாழ 2.6 கிராம். பேக்கரின் ஒரு குண்டை உருக்கினால் இவற்றில் முப்பதுக்கு மேல் வார்க்கலாம். யானையை அண்மையில் நின்று வீழ்த்தற்கு அவர் வலிமையைத் தேடினார். தொலைவில் நிற்கும் தாளிலுள்ள ஒரு புள்ளியைத் தொடற்கு வேண்டுவது வலிமையன்று. இவ்வேறுபாட்டை உணராதார் இன்றும் பேக்கரின் அளவுகோலையே சிறு தோட்டாவுக்கும் கொள்வர்.

இனி, மேலே குறித்த அறிஞரைக் காண்பாம். பெஞ்சமின் றொபின்ஸ் என்பார் 1707ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பாத் நகரிலே பிறந்தார். அவருடைய குடும்பத்தார் குவேக்கர் சமயத்தினர். படைக்கலம் எடுத்தலைப் பாவம் எனக் கொள்பவர். அத்தகைய குடியிற் பிறந்தவரே குண்டின் இயக்கத்தை ஆராய்ந்த விஞ்ஞானிகளுள் முதல்வராயினர் என்பது விந்தையே. கணிதத்தைப் பெரும்பாலும் தாமே கற்று, இருபது வயதில் அரச கழகத்தின் உறுப்பினரானார். 1742ஆம் ஆண்டில் அவர் பீரங்கிக் கலையின் புதிய தத்துவங்கள் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அளவிற் சிறிய நூலே. எனினும் பெருங்கணிதராகிய ஒயிலர் 1745ஆம் ஆண்டில் அதனை ஜெர்மன் மொழியிற் பெயர்த்து, மூலத்தினும் பன்மடங்கு நீண்ட உரையும் எழுதினார் என்றால் அதன் பெருமை விளங்கும். 1746ஆம் ஆண்டில் அரச கழகம் றொபின்சுக்குக் கொப்லி பதக்கம் வழங்கியது.

றொபின்சுக்கு முன்னர் எவரும் பறக்கின்ற குண்டின் வேகத்தைச் செம்மையாக அளந்ததில்லை. அவர் கையாண்ட கருவி மிக எளியது. முக்காலியொன்றிலே கனத்த தட்டொன்றை ஊசல்போலத் தொங்கவிட்டார். அதன்மேற் குண்டைச் செலுத்தினார். தட்டு எவ்வளவு பின்னே சென்றது என்பதை அதனிற் கட்டிய நாடா காட்டிற்று. குண்டின் எடையும் தட்டின் எடையும் தெரியுமாதலின், குண்டு வந்த வேகத்தைக் கணித்துக் கொண்டார். துவக்கைத் தட்டுக்கு அண்மையில் வைத்து ஒருமுறையும் சேய்மையில் வைத்து ஒருமுறையும் அளந்தபோது, இடையிலுள்ள காற்று எவ்வளவு வேகத்தைப் பறித்தது என்பதும் தெரிந்தது.

அக்காலத்து அறிஞர் பலர் காற்றின் தடையை ஒரு பொருட்டாக எண்ணவில்லை. கலிலியோ காட்டிய பரவளைவுப் பாதையிலேயே குண்டு செல்லும் எனக் கொண்டனர். றொபின்ஸ் அளந்து பார்த்தபோது, விரைந்து செல்லும் துவக்குக் குண்டைக் காற்றுத் தடுக்கும் விசை, அக்குண்டின் எடையைப்போல் நூறு மடங்கிற்கும் மேற்பட்டதாக இருந்தது! இதனினும் வியத்தகு செய்தி ஒன்று உண்டு. வேகம் கூடக் கூடத் தடையும் ஒழுங்காகக் கூடிவருகின்றது. ஆனால் வினாடிக்கு 1,100 அடிக்கும் 1,200 அடிக்கும் இடைப்பட்ட ஒரு வேகத்தைக் கடந்தவுடன், அவ்வொழுங்கு முறிந்து தடை ஏறக்குறைய மும்மடங்காகிவிடுகின்றது. அவ்வேகம் காற்றில் ஒலி செல்லும் வேகத்தை ஒத்திருக்கின்றது என்பதையும் அவர் குறிப்பிட்டார். ஒலியை விஞ்சிப் பறக்கும் விமானத்தைப் பற்றி இருபதாம் நூற்றாண்டில் உலகம் பேசிய 'ஒலித்தடை'யை, ஊசலும் நாடாவும் கொண்டு இருநூறாண்டுக்கு முன்னரே ஒருவர் தொட்டுவிட்டார்.

இன்னொரு சோதனையையும் இங்குக் கூறல் வேண்டும். உருண்டைக் குண்டு இலக்குக்கு நேரே செல்லாது சிலபோது வலமும் சிலபோது இடமும் விலகுவதேன்? குழலின் உட்சுவரில் உராய்ந்து அது தாறுமாறாகச் சுழன்று வெளிப்படுவதாலே என்றார் றொபின்ஸ். அதனை மெய்ப்பிக்கத் துவக்குக் குழலொன்றின் நுனியைச் சற்றே இடப்பக்கம் வளைத்தார். மெல்லிய தாள்களை வரிசையாகத் தொங்கவிட்டு அவற்றினூடே சுட்டார். குண்டு முதலில் இடப்பக்கமே சென்றது. ஆனால் போகப் போக வளைந்து இறுதியில் வலப்பக்கத்தை அடைந்தது! வளைந்த நுனியின் ஒருபுறச் சுவரில் உருண்டதால் ஏற்பட்ட சுழற்சியின் விளைவு அது. வேண்டாத சுழற்சி குண்டைக் கெடுக்குமாயின், வேண்டிய சுழற்சியை நாமே கொடுத்தல் வேண்டும். குழலின் உள்ளே புரிகள் வெட்டிக் குண்டைப் பம்பரம் போலத் தன்னச்சிற் சுழலச் செய்தல் வேண்டும். புரியிட்ட குழல் ஜெர்மன் நாட்டில் முன்னரே வழங்கியதாயினும், அது ஏன் சிறந்தது என்று காரணங் காட்டியவர் இவரே. அதனை முற்றக் கற்றுத் தன் படைக்கு அளிக்கும் நாடு பிற நாடுகளை விஞ்சும் என்று 1747ஆம் ஆண்டளவில் முன்னறிவித்தவரும் இவரே.

இத்தகையவரைக் கிழக்கிந்தியக் கம்பனி தன் தலைமைப் பொறியியலாளராக நியமித்தது. 1746ஆம் ஆண்டிற் சென்னையைப் பிரெஞ்சுக்காரர் கைப்பற்றியபின் கம்பனியின் தலைமையிடம் கூடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்துச் சென் டேவிட் கோட்டைக்கு மாறியிருந்தது. சோழமண்டலக் கரையின் கோட்டைகளைச் சீர்செய்யும் பொருட்டு றொபின்ஸ் 1750ஆம் ஆண்டில் அங்கு வந்து சேர்ந்தார். வெப்பமும் காய்ச்சலும் அவரை வாட்டின. 1751ஆம் ஆண்டு யூலை 29ஆம் நாள், தம் நாற்பத்து நான்காம் வயதில், அக்கோட்டையிலேயே காலமானார். அதன்பின் சில கிழமைகளுள் கிளைவ் ஆர்க்காட்டைக் கைப்பற்றினான்; நம் பாடநூல்கள் அதனைப் பல பக்கங்களில் விரிக்கும். ஒயிலர் உரையெழுதிய அறிஞரொருவர் அதே ஆண்டில் அதே கரையில் இறந்தமையை ஒருவரியும் கூறா. கோட்டையை 1758ஆம் ஆண்டிற் பிரெஞ்சுத் தளபதி லாலி இடித்துத் தகர்த்தான். கெடிலம் ஆற்றின் அருகே இன்று காணத்தக்கவை அதன் எச்சங்களே.

றொபின்சின் கண்டுபிடிப்பு, பீரங்கி செய்வோர்க்கு அன்றி, அவர் கனவிலும் கருதாத ஒரு சிறு பொருளுக்கு மிகப் பொருந்துவதாயிற்று. 1845ஆம் ஆண்டிற் பாரிசு நகரத்துக் கொல்லர் புளோபேர் என்பார், செப்புத் தொப்பியொன்றின் வாயில் சிறு ஈயக் குண்டைப் பொருத்தினார். அதனுள் வெடிமருந்து இல்லை. தட்டினால் தீப்பற்றும் இரசாயனம் மட்டுமே உண்டு. வீட்டுக் கூடத்தினுள்ளே பொழுதுபோக்காக இலக்கெய்தற்கு அது உதவிற்று. 1857ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஸ்மித் அன்ட் வெசன் நிறுவனத்தார் அதன் கோதைச் சற்றே நீட்டி, நான்கு கிரெயின் கருமருந்து இட்டு, 22 விட்டமுள்ள முதல் தோட்டாவை வெளியிட்டனர். 1887ஆம் ஆண்டில் ஸ்டீவன்ஸ் நிறுவனத்தார் 40 கிரெயின் சன்னமும் ஐந்து கிரெயின் மருந்தும் கொண்ட தோட்டாவை ஆக்கினர். அதுவே 'லோங் றைபிள்' என்னும் பெயரோடு இன்றுவரை உலகெங்கும் வழங்குவது. அதே 1887ஆம் ஆண்டிலேதான் மாக், சல்கர் என்னும் ஒஸ்திரிய அறிஞர் இருவர், ஒலியை விஞ்சிச் செல்லும் சன்னத்தின் முன்னே காற்றில் எழும் அதிர்ச்சி அலையைப் படம் பிடித்து வெளியிட்டனர். றொபின்ஸ் அளந்ததை உலகம் கண்ணாற் கண்டது.

இத்தோட்டாவின் அமைப்பைச் சிறிது விளக்குதல் வேண்டும். பெரிய தோட்டாக்களில் அடிப்பாகத்தின் நடுவே தீமூட்டும் மூடி தனியாகப் பொருத்தப்பட்டிருக்கும். வெடித்தபின் வெற்றுக் கோதினை எடுத்து, புது மூடி இட்டு, மருந்தை நிறுத்துப் போட்டு, மீண்டும் பயன்படுத்தலாம். 22 தோட்டாவிலோ, கோதின் அடிவிளிம்பு உள்ளே வெறுமையாக மடிக்கப்பட்டு, அம்மடிப்பினுள்ளே தீமூட்டும் இரசாயனம் ஈரப்பதத்தோடு சுழற்றிச் செலுத்தப்பட்டிருக்கும். துவக்கின் ஊசி விளிம்பை நசுக்கும்போது அது தீப்பற்றும். நசுங்கிய கோது பின்னர் எதற்கும் உதவாது. எனவே இத்தோட்டாவை எய்பவன் தானே செய்ய இயலாது; திருத்தவும் இயலாது. 'இடியன்' துவக்கை ஏந்தியவனுக்கு இருந்த அளக்கும் உரிமை இவனுக்கு இல்லை. தொழிற்சாலை தருவனவற்றுள் ஒன்றைத் தெரிந்துகொள்ளும் உரிமை மட்டுமே எஞ்சிற்று. ஆதலின், துவக்கின் வரலாற்றிலே முதன்முறையாக, தெரிதல் என்பது தனியொரு கலையாயிற்று.

விளையாட்டுப் பொருளாயிருந்த இச்சிறு றைபிள் பெருமை பெற்றது தென்னாபிரிக்கப் போரினால். 1899ஆம் ஆண்டில் தொடங்கிய அப்போரில் குறிதவறாது எய்த போவர் உழவரிடம் ஆங்கிலப் படை பட்ட பாடு உலகறிந்தது. பிடிபட்ட போவர் ஏறத்தாழ ஐயாயிரவர் 1900ஆம் ஆண்டு முதல் இலங்கைக்குக் கொணரப்பட்டு, ஊவா மலைநாட்டுத் தியத்தலாவை முதலிய இடங்களிற் சிறைவைக்கப்பட்டனர். அவர்களை வென்ற நாடோ அவர்களிடமே பாடம் கற்கப் புகுந்தது. இங்கிலாந்தின் எளிய மக்களும் குறிபார்க்கப் பழகல் வேண்டும் என்று றொபேட்ஸ் பிரபு ஊக்க, சிறு றைபிட் கழகங்களின் சங்கம் 1901ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. பெரிய றைபிளுக்கு நெடிய வெளியும் பெருஞ் செலவும் வேண்டும். 22 றைபிளுக்குத் தொழிற்சாலையின் பின்கொல்லை போதும், தோட்டாவும் மலிவு. 1908ஆம் ஆண்டின் இலண்டன் ஒலிம்பிக்கிலேயே இது இடம்பெற்றது. 1909ஆம் ஆண்டில் டூவர் கேடயத்துக்கென அமெரிக்கரும் ஆங்கிலேயரும் போட்டியிடத் தொடங்கினர். நம் நாட்டு மாணவர் படையிலும், 1948ஆம் ஆண்டில் இந்தியாவில் நிறுவப்பட்ட தேசிய மாணவர் படையிலும் இளைஞர் குறிபார்க்கப் பழகியது இதனாலேயே.

100 யார் என்பது பெரிய றைபிளுக்கு அண்மை. இச்சிறு சன்னத்துக்கோ நெடுந்தூரம். அத்தூரத்திலேதான் தோட்டாவின் குணங் குற்றங்கள் வெளிப்படுகின்றன. பழைய அளவின்படி செய்யப்படும் தோட்டாவின் சன்னம் வினாடிக்கு ஏறத்தாழ 1,070 அடி வேகத்திற் புறப்படும். 1930ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் றெமிங்டன் நிறுவனத்தார் மிகுவேகத் தோட்டாவை விற்பனைக்குக் கொணர்ந்தனர். இன்று அவ்வகைத் தோட்டாவின் சன்னம் 1,250 அடி வேகத்தை ஒட்டிப் புறப்படும். விளம்பரம் செய்தற்கு வேகம் போன்ற பொருள் வேறில்லை. சிறு பிராணிகளை அண்மையில் நின்று வேட்டையாடுவோர் அதனை விரும்பினர். சன்னம் தாழ்ந்து விழுவது குறையும் என்பதும் உண்மையே. ஆனால் இலக்கெய்யும் போட்டியாளர் அதனைத் தீண்டவில்லை.

ஏன் தீண்டவில்லை? நம் ஊர்க் காற்றின் வெப்பம் 30 பாகையாக இருக்கும்போது ஒலியின் வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 1,145 அடி. 1,250 அடியிற் புறப்படும் சன்னம் ஒலிக்கு மேல் தொடங்கி, 100 யார் செல்லுமுன் ஒலிக்குக் கீழே இறங்கிவிடும். றொபின்ஸ் கண்ட அந்த மும்மடங்குத் தடையின் எல்லையை வழியிலேயே கடக்கும். கடக்குமிடத்தில் அதிர்ச்சி அலைகள் அதனைச் சூழ்ந்து அலைக்கும். 1,070 அடியிற் புறப்படுவதோ தொடக்கம் முதல் முடிவு வரை ஒலிக்குக் கீழேயே அமைதியாகச் செல்லும். கடுங்குளிர் நாடுகளில் ஒலியின் வேகம் குறைவதால் இந்த இடைவெளி சுருங்கும். நமக்கு அக்கவலையில்லை, வெப்ப நாட்டில் வாழ்வதனாற் கிடைக்கும் நன்மைகளுள் இதுவும் ஒன்றென்க.

பக்கக்காற்றின் செய்தி இதனினும் நயமுடையது. வைகாசி ஆனி மாதங்களில் மேற்கிலிருந்து கச்சான் வீசும்போது, திறந்த வெளியொன்றில் வடக்கு நோக்கி 100 யார் தூரத்துக்கு எய்வதாகக் கொள்வோம். காற்றின் வேகம் மணிக்கு பத்து மைல். 1,250 அடி வேகமுள்ள சன்னம் விரைவிற் சென்றடைகின்றது; காற்றுக்குக் கிடைக்கும் காலம் குறைவு; ஆதலின் அது குறைவாகவே ஒதுங்கும் என்று எவரும் கருதுவர். நிகழ்வது வேறு. மிகுவேகச் சன்னம் ஏறத்தாழ ஐந்தரை அங்குலம் ஒதுங்குகின்றது. மெதுவானது நான்கு அங்குலமே ஒதுங்குகின்றது! மாணவர்க்கு இதனைக் கூறினால் நம்பார். கணக்கிட்டுக் காட்டின் நம்புவர்.

காரணம் இது. பக்கக்காற்றுச் சன்னத்தைத் தள்ளுவது அது காற்றில் இருந்த காலம் முழுமைக்கும் ஏற்பவன்று. காற்றின் தடையால் அது எவ்வளவு தாமதித்தது என்பதற்கு ஏற்பவே. காற்றே தடுக்காத ஒரு சன்னம் இருக்குமாயின், எந்தக் காற்றும் அதனை ஒதுக்கவும் இயலாது. 1,070 அடி வேகத்திற் புறப்படும் சன்னம் 300 அடியைத் தடையின்றிச் சென்றால் 0.280 வினாடியில் அடையும். உண்மையில் ஏறத்தாழ 0.303 வினாடியில் அடைகின்றது. தாமதம் 0.023 வினாடி. மிகுவேகச் சன்னம் தடையின்றி 0.240 வினாடியில் அடைய வேண்டியது. உண்மையில் அடைவது ஏறத்தாழ 0.271 வினாடியில். தாமதம் 0.031 வினாடி. மணிக்கு பத்து மைல் என்பது வினாடிக்கு 176 அங்குலம். தாமதத்தை அதனாற் பெருக்குக. மேற்கூறிய நான்கும் ஐந்தரையும் வரும். பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு அறிஞர் டிடியோன் இந்த விதியை நிறுவினார். ஒலியின் எல்லைக்கு மேலே தடை மும்மடங்காவதால், விரைந்து புறப்பட்டது வழியில் மிகுதியாகத் தாமதிக்கின்றது. தேவனாம்பட்டினத்தில் மறைந்தவரின் ஊசல் சொன்ன செய்தியே இது.

மெதுவானதைத் தெரிந்ததோடு காரியம் முடிந்ததா? இல்லை. அதன்பின்னரே உண்மையான தெரிவு தொடங்குகின்றது. சன்னம் எவ்வளவு விரைந்து செல்கின்றது என்பதினும், ஒவ்வொன்றும் ஒரே வேகத்திற் செல்கின்றதா என்பதே பெரிது. ஒரே பெட்டியிலுள்ள இரண்டு தோட்டாக்களின் வேகம் வினாடிக்கு 20 அடி வேறுபடுமாயின், 50 மீற்றர் தூரத்தில் ஒன்று மற்றொன்றினும் நாலரை மில்லிமீற்றர் தாழ்ந்து தைக்கும். 100 யாரில் அவ்வேறுபாடு ஒன்றரைச் சென்ரிமீற்றர். 200 யாரில் ஆறு சென்ரிமீற்றருக்கும் மேல். தூரம் இரட்டிக்கும்போது வேறுபாடு நான்கு மடங்காகிவிடுகின்றது. விளிம்பினுள் இரசாயனம் ஒருபுறம் தடித்தும் ஒருபுறம் மெலிந்தும் இருத்தல், மருந்து ஒரு மணி கூடுதல் குறைதல், கோது சன்னத்தைப் பற்றும் இறுக்கம், சன்னத்தின் அடி சற்றே கோணுதல் ஆகிய இவையெல்லாம் சேர்ந்தே இவ்வேறுபாட்டை உண்டாக்குவன. தோட்டாக்களை நிறுத்து, விளிம்பின் தடிப்பை அளந்து, ஒத்தவற்றைத் தனியே சேர்ப்போரும் உளர். சிறந்த தோட்டாவிற் கிடைக்கும் பயன் இதனாற் சிறிதே. தாழ்ந்ததை எத்துணை அளந்தாலும் அது உயர்ந்ததாகாது என்பது என் கருத்து.

சன்னத்தின் மேற் பூசிய மெழுகும் கொழுப்பும் கூடப் புறக்கணிக்கத் தக்கன அல்ல. குழலின் உட்புறம் அப்பூச்சினாற் பழகியிருக்கும். ஒருவகைத் தோட்டாவை எய்துகொண்டிருந்தவன் வேறுவகைக்கு மாறினால், முதற் சில வெடிகள் குறியைச் சுற்றி அலையும். புதிய பூச்சுப் படிந்தபின்னரே ஒழுங்குபடும். இதனை அறியாதார் முதல் ஐந்து வெடியிலேயே 'இத்தோட்டா கூடாது' என்று தீர்ப்பளிப்பர். வெயிலிற் பெட்டியைத் திறந்து வைத்து, மெழுகு இளகியபின் குறையைத் துவக்கின்மேற் சுமத்துதலும் அத்தகையதே.

ஒரு குழலுக்கு உகந்த தோட்டா இன்னொரு குழலுக்கு உகவாமை எவ்வாறு? குழல் ஒரு விறைத்த கம்பியன்று. வெடிக்கும்போது அது யாழ் நரம்பு போல அதிர்கின்றது. நரம்புகளின் அதிர்வை விபுலாநந்த அடிகளார் 1947இல் வெளிவந்த யாழ் நூலில் இசைக்காக ஆராய்ந்தனர். குறிவல்லார் அதே இயற்பியலை வேறு நோக்கில் ஆராய்கின்றனர். குழலின் நுனி மேலேறும் தருணத்தில் சன்னம் வெளிப்படுமாயின், பிந்தி வரும் மெதுவான சன்னம் சற்றே உயர்ந்த திசையிற் புறப்படும். அதனால் அது தாழ்ந்து விழ வேண்டிய அளவு ஈடுசெய்யப்படும். நுனி கீழிறங்கும் தருணமாயின் பிழை இரட்டிக்கும். எந்தத் தோட்டா எந்தக் குழலில் எத்தருணத்தில் வெளிப்படும் என்பதை ஏட்டிலிருந்து சொல்ல இயலாது. எய்து பார்த்தே அறிதல் வேண்டும்.

எய்து பார்ப்பவனின் கை நடுங்குமாயின் பிழை தோட்டாவினதோ கையினதோ என்று தெரியாது. ஆகவே கையை நீக்குதல் வேண்டும். 1860ஆம் ஆண்டு யூலை மாதம் விம்பிள்டனில் விக்ரோறியா மகாராணி முதல் வெடி தீர்த்துப் போட்டியைத் திறந்துவைத்தபோது, விற்வேத் என்னும் பொறியியலாளர் தம் றைபிளை இரும்புத் தாங்கியொன்றிற் பிணித்து, குறியும் தாமே பார்த்து வைத்திருந்தார். மகாராணி ஒரு நூலை இழுத்ததன்றி வேறொன்றுஞ் செய்திலர். 400 யார் தூரத்தில் இலக்கின் நடுவிலிருந்து ஒன்றரை அங்குலத்துக்குள் சன்னம் தைத்தது. அன்று அரசவை வேடிக்கையாக இருந்தது இன்று தோட்டாத் தெரிவின் முறையாகிவிட்டது.

2012ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக்கில், 50 மீற்றர் கிடந்தெய்யும் போட்டியிலே, வங்காளத்தைச் சேர்ந்த ஜோய்தீப் கர்மகார் 1.9 புள்ளி குறைந்து வெண்கலத்தை இழந்து நான்காம் இடம் பெற்றார். அப்போட்டியில் நடுவட்டத்தின் விட்டம் 10.4 மில்லிமீற்றர், இறுதிச் சுற்றில் ஒவ்வொரு 0.8 மில்லிமீற்றருக்கும் புள்ளியின் பத்திலொரு பங்கு கூடும், குறையும். வினாடிக்கு 20 அடி வேறுபட்ட ஒரு தோட்டா விளைக்கும் நாலரை மில்லிமீற்றரை இத்துடன் ஒப்பிட்டுப் பார்க்க: ஒரு வெடியில் அரைப் புள்ளிக்கு மேல் போய்விடும். 2024ஆம் ஆண்டு ஆகஸ்து முதல் நாள் பாரிசு ஒலிம்பிக்கில், 50 மீற்றர் மூன்று நிலைப் போட்டியிலே, மகாராட்டிரத்து சுவப்னில் குசாலே 451.4 புள்ளி பெற்று வெண்கலப் பதக்கம் வென்றார். அதுவும் இச்சிறு 22 தோட்டாவினாலேயே.

இத்தரத்துப் போட்டியாளர் கடையிற் சென்று பெட்டி வாங்குவதில்லை. இங்கிலாந்தின் பேமிங்காம் நகரை அடுத்துள்ள ஈலி நிறுவனத்திலும், ஜெர்மனியின் ஷோன்பெக் நகரிலுள்ள லாப்புவா நிறுவனத்திலும் இதற்கெனச் சோதனைக்கூடங்கள் உண்டு. தொழிற்சாலையில் ஒரே தொடரில், ஒரே மருந்தும் ஒரே ஈயமும் கொண்டு ஆக்கிய தோட்டாக்கள் அனைத்துக்கும் ஒரே தொகுதி எண் இடப்பட்டிருக்கும். பெயரும் விலையும் ஒன்றேயாயினும் ஒரு தொகுதி போல மற்றொரு தொகுதி இராது. போட்டியாளர் தம் றைபிளைக் கொணர்ந்து தாங்கியிற் பிணிப்பர். ஒரு தொகுதியிலிருந்து பத்துப் பத்தாக எய்வர், பின்னர் அடுத்த தொகுதி, அதன்பின் அடுத்தது. தாள்களை அடுக்கி வைத்து, துளைகள் எதில் மிக நெருங்கி ஒன்றினுள் ஒன்றாகப் படிந்துள்ளன என்று பார்ப்பர். பெட்டியின் பக்கத்திற் பொறித்த வேகத்தை அங்கு எவரும் கேட்பதில்லை. நெருங்கிப் படிந்த தொகுதியின் எண்ணைக் குறித்துக்கொண்டு, அது தீர்ந்து போகுமுன் அடுத்த ஓராண்டுக்கோ ஈராண்டுக்கோ வேண்டியதை மொத்தமாக வாங்கி, குளிர்ந்த உலர்ந்த அறையில் வைத்துப் பூட்டிவிடுவர்.